பேத்தியின் பட்லரும் 90 ரூபாய் வித்தியாசமும்

எங்கள் வீட்டு மாடியில் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். என் பேத்தியும் அவளுடன் படித்த மூன்று பேரும். பிரான்சில் இருக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதும், பில் போடும் ப்ரோக்ராம் செய்து தருகிறார்கள். பிரெஞ்சில் வரும் கடிதங்களுக்கு அர்த்தம் சொல்ல அவ்வப்போது என்னைக் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தது எழுபது வயதுக்கு மேல் இப்படியாவது உதவுகிறதே என்று நானும் படியேறிப் போவேன்.

அந்த அறையின் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. "இது எதற்கம்மா, கரண்ட் தண்டமாகப் போகிறதே" என்று ஒருநாள் கேட்டேன். "அதுதான் தாத்தா எங்க சி.ஐ. சர்வர்" என்றாள். கன்டினியுவஸ் இன்டக்ரேஷன் என்பதன் சுருக்கமாம்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். நான்கு பேர் ஒரே ப்ரோக்ராமை நான்கு லேப்டாப்பில் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியது இன்னொருவர் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். முன்பெல்லாம் மாதக் கடைசியில்தான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பார்களாம். அப்போது எது எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் யார் எதை எழுதிப் பொதுவில் சேர்த்தாலும் உடனே அந்த மூலைக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எடுத்து, ஒன்றாகக் கட்டி, ஏற்கெனவே எழுதி வைத்த சோதனைகளை ஒவ்வொன்றாக நடத்திப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு.

"அட, இது தினமும் கேஷ் புக் முடிப்பது மாதிரி அல்லவா" என்றேன். அரசு அலுவலகத்தில் பணம் கையாளும் பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும். அன்றன்றைய வரவு செலவை அன்றன்றே முடித்து, கையிருப்பை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். ஒரு நாள் வித்தியாசத்தை ஒரு நாள் தாள்களில் தேடிவிடலாம். முப்பது நாள் வித்தியாசத்தை முப்பது நாள் தாள்களில் தேட வேண்டும். தத்துவம் அவ்வளவுதான்.

2019-இல் இந்தச் சர்வரைத் தேர்ந்தெடுத்தபோது அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. மூன்று வழிகள் இருந்தன. வெளியில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் நிமிடக் கணக்கில் வாடகை கொடுத்து ஓட்டுவது ஒன்று. ப்ரோக்ராமைச் சேர்த்து வைக்கும் இடமான கிட்லாப்பிலேயே வரும் வசதியைப் பயன்படுத்துவது இரண்டு. சொந்தக் கம்ப்யூட்டரில் ஜென்கின்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்வது மூன்று. வாடகை வீடு, ஒண்டுக்குடித்தனம், சொந்த வீடு என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன். வாடகை வீட்டில் ஓடு உடைந்தால் வீட்டுக்காரர் மாற்றுவார், ஆனால் ஆணி அடிக்கக்கூட அவரைக் கேட்க வேண்டும். சொந்த வீட்டில் எங்கு வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம், ஒழுகினால் நாம்தான் ஏணி போட வேண்டும்.

பிரெஞ்சு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் ப்ரோக்ராம் வெளியார் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதை மொழிபெயர்த்துச் சொன்னதே நான்தான். அதனால் சொந்த வீடு என்று முடிவாயிற்று. ஜென்கின்ஸ் வந்தது. கூடவே ஒரு இன்வெர்ட்டரும் வந்தது, பாதிச் செலவு என் தலையில்.

இந்த ஜென்கின்ஸின் கதை சுவையானது. கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானியர் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது 2004-இல் தன் வசதிக்காக இதை எழுதத் தொடங்கினார். அப்போது அதன் பெயர் ஹட்சன். 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. ஹட்சன் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்தது. 2011-இல் எழுதிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போட்டுப் பெயரை ஜென்கின்ஸ் என்று மாற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். இரண்டுமே வெள்ளைக்காரர் வீட்டுப் பட்லருக்கு வைக்கும் பெயர்கள். அதன் சின்னமும் கழுத்தில் போ கட்டி, கையில் துண்டோடு நிற்கும் ஒரு பட்லர்தான். ஏவிய வேலையை முகம் சுளிக்காமல் செய்து, தவறு நடந்தால் மெதுவாக வந்து காதில் சொல்பவர்.

முதலில் போட்டபோது சரியாக ஓடினால் பச்சை வரவில்லை, நீல உருண்டைதான் வந்தது. ஜப்பானில் சாலை சிக்னலின் பச்சையை நீலம் என்றுதான் சொல்வார்களாம். கவாகுச்சி அந்த வழக்கத்தில் வைத்துவிட்டார். பின்னால் வந்த பதிப்புகளில் பச்சையாகிவிட்டது. அதன் பக்கத்தில் ஒரு வானிலைப் படமும் இருக்கும். கடைசியாக ஓடிய சில சோதனைகள் எல்லாம் சரியென்றால் சூரியன். ஒன்றிரண்டு தவறினால் மேகம். தொடர்ந்து தவறினால் இடி மழை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. காபி கொண்டு போகும்போது எட்டிப் பார்த்து, "இன்று வெயிலா, மழையா" என்று கேட்பேன்.

சொந்த வீட்டுத் தொல்லைகளும் வந்தன. ஒருநாள் எந்தக் காரணமும் இல்லாமல் சர்வர் நின்றுவிட்டது. பார்த்தால் டிஸ்க் நிரம்பி வழிகிறது. முதல் நாளிலிருந்து நடத்திய ஒவ்வொரு சோதனையின் பதிவையும் பட்லர் அடுக்கி வைத்திருந்தார். "எங்கள் அலுவலகத்தில் எந்த ஃபைலை எத்தனை ஆண்டு வைக்க வேண்டும், எப்போது அழிக்கலாம் என்று விதி உண்டு. உங்களிடம் கிடையாதா" என்றேன். அந்த வசதி அதில் இருந்ததாம், இவர்கள்தான் போடவில்லை. அன்றிலிருந்து கடைசி முப்பது பதிவுகள் மட்டும் இருக்கும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஓடுவதை எதற்கு நோண்டுவது என்று பல ஆண்டுகள் ஜென்கின்ஸைப் புதுப்பிக்காமலே வைத்திருந்தார்கள். பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதாக அதுவே எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் சேர்ந்து புதுப்பித்தார்கள். அவர்கள் போட்ட ஜென்கின்ஸ் பதிப்பு ஓடுவதற்கு ஜாவா 17 வேண்டியிருந்தது. அதுவரை இருந்தது ஜாவா 8. சர்வரில் ஜாவாவை மாற்றினார்கள். அவரவர் லேப்டாப்பில் பழைய ஜாவாவே இருந்தது. பிரான்சில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் அதேதான்.

திங்கட்கிழமை காலை சிவப்பு. எழுநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளில் இரண்டு தவறியிருந்தன. "என் லேப்டாப்ல சரியா ஓடுது" என்றார்கள் நால்வரும். மறுபடி ஓட்டினார்கள், சிவப்பு. பழையதை எல்லாம் துடைத்துவிட்டு ஓட்டினார்கள், சிவப்பு. வெள்ளிக்கிழமை பிரான்சுக்கு அனுப்ப வேண்டிய வேலை தலைக்கு மேல் இருந்தது. "அப்டேட் பண்ணினதுல ஏதோ கோளாறு, அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். நான் செவ்வாயும் புதனும் காபியோடு போனபோது வானிலைப் படத்தில் இடியும் மின்னலும். யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

வியாழன் இரவு பேத்தி என்னைக் கூப்பிட்டாள். பிரான்சிலிருந்து வந்த கடிதத்துக்காகத்தான் கூப்பிட்டாள். அடுத்த மாதம் தங்கள் கம்ப்யூட்டரை மாற்றப் போவதாகவும், அதில் ஜாவா 17 இருக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். படித்துச் சொல்லிவிட்டு, "அந்தச் சிவப்பு என்னம்மா ஆயிற்று" என்று கேட்டேன்.

"ரெண்டு டெஸ்ட்தான் தாத்தா. அதைத் தாண்டிப் போற மாதிரி வெச்சுட்டு நாளைக்கு அனுப்பிடலாம்னு இருக்கோம்." அப்படி ஒரு வசதி உண்டாம். இந்தச் சோதனையை நடத்தாதே என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும், சிவப்பு போய்ப் பச்சை வந்துவிடும்.

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அதற்குக் காரணம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான ஒரு கணக்கு. இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. அன்று அவளிடம் சொன்னேன்.

அப்போது நான் இளநிலை கிளார்க். பென்ஷன் பட்டுவாடா. ஒரு மாத முடிவில் கையிருப்பில் 90 ரூபாய் அதிகம். இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கு எழுதுபவர்களுக்குப் பால பாடம். எங்கோ இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். தேட ஒரு நாள் கேட்டேன். மேலே இருந்தவர், "குறையவில்லையே, கூடத்தானே இருக்கிறது. சஸ்பென்ஸில் போட்டு முடியுங்கள்" என்றார். இன்னதென்று தெரியாத பணத்தைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் கணக்குதான் சஸ்பென்ஸ். போட்டேன். அடுத்த மாதமும் 90. அதையும் போட்டேன். மூன்றாவது மாதத்திலிருந்து யாரையும் கேட்காமல் நானே போடத் தொடங்கினேன். அது பழகிவிட்டது.

ஏழாவது மாதம் ஒரு வயதான அம்மாள் வந்தார். கணவர் போன பிறகு வரும் குடும்ப பென்ஷன். பில்லில் 320 ரூபாய். பட்டுவாடாப் பதிவேட்டில் 230 என்று எழுதியிருந்தது. எழுதியது என் கை. ஏழு மாதம், 630 ரூபாய். நிலுவையை ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டோம். ஆனால் அதற்குள் அவர் காதுத் தோட்டை அடகு வைத்து, வட்டி கட்ட முடியாமல் அது முழுகிப் போயிருந்தது. "முன்னாடியே வந்து கேட்டிருக்கலாமே அம்மா" என்றேன். "சர்க்கார்ல கணக்குப் பாக்கறவங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் தம்பி" என்றார். அந்த வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது.

பேத்தி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி தாத்தா, பார்த்துடலாம்" என்று அந்தப் பதிவைத் திறந்தாள்.

முதலில் தெரிந்தது, தவறியிருந்தவை இரண்டு அல்ல, மூன்று. புதன்கிழமை ஒரு பையன் புதிதாகச் சேர்த்த ஒன்றும் தவறியிருந்தது. ஏற்கெனவே சிவப்பாக இருந்ததால் புதிய சிவப்பு யார் கண்ணிலும் படவில்லை.

முதல் சோதனையில் எதிர்பார்த்தது 12 500,75. வந்தது 12 500,75. இரண்டும் ஒன்றுதானே! நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றுதான். ஆனால் வித்தியாசம் இருக்கும் இடத்தைச் சுற்றி அந்த மென்பொருள் சதுர அடைப்புக்குறி போட்டிருந்தது. அந்த அடைப்புக்குறிக்குள் ஒன்றுமே இல்லை. 12-க்கும் 500-க்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம் மட்டும்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் எண் எழுதும் முறை வேறு. நாம் காற்புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் கொஞ்சம் இடம் விடுவார்கள். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி வைப்பார்கள். இந்தப் பழக்கத்தோடு வேலைக்குச் சேர்ந்து, 1,250 என்ற தொகையை ஒன்றேகால் என்று படித்து முதல் வாரமே திட்டு வாங்கியவன் நான்.

அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும், "எந்த இடைவெளி அம்மா" என்று கேட்டேன். "இடைவெளியில எந்த இடைவெளின்னு வேற உண்டா?" என்றாள்.

உண்டு. ஒரு காலத்தில் பிரெஞ்சு அறிவிப்புகளுக்கு அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. அங்கிருந்த வயதான கம்பாசிட்டர், எழுத்தே இல்லாத ஈயத் துண்டுகளை ஒரு தட்டில் அடுக்கி வைத்திருப்பார். தடிமனில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. சொற்களுக்கு நடுவே போடுவது தடித்தது. ஆயிரத்துக்குப் பக்கத்திலும், கேள்விக்குறிக்கு முன்னாலும் போடுவது மெலிந்தது. அதை ஃபீன் என்பார். மெலிந்ததற்குப் பதில் தடித்தது போட்டால் தாளைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். இந்த ஈயத் துண்டைக் குறிக்கும்போது எஸ்பாஸ் என்ற ஆண்பால் சொல் அச்சகத்தில் பெண்பாலாகிவிடும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை.

பேத்தி ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்ணை எடுத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் வெற்றிடத்துக்கும் எண் உண்டு. எதிர்பார்த்த இடைவெளியின் எண் 160. வந்த இடைவெளியின் எண் 8239. முன்னது வரி முடிவில் உடையாத சாதாரண இடைவெளி. பின்னது உடையாத மெல்லிய இடைவெளி. கம்பாசிட்டரின் ஃபீனேதான்! எந்த நாட்டில் எண்ணும் தேதியும் எப்படி எழுதுவது என்ற விவரங்களை யூனிகோடு அமைப்பு ஒரு தொகுப்பாகப் பராமரிக்கிறது. பிரெஞ்சு எண்களுக்கு மெல்லிய இடைவெளிதான் முறை என்று அதில் திருத்தியிருக்கிறார்கள். புதிய ஜாவா அந்தத் தொகுப்பைப் பின்பற்றுகிறது. பழைய ஜாவா 8 தன்னிடமிருந்த பழைய பட்டியலை வைத்துக்கொண்டிருக்கிறது. ஜென்கின்ஸ் மீது ஒரு குற்றமும் இல்லை. பட்லர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

"அப்ப அச்சுல வர்ற இடைவெளிதானே, எதிர்பார்க்கிறதை மாத்திட்டா முடிஞ்சுது" என்று நிம்மதியாகச் சாய்ந்தாள். "மூன்றாவது என்னம்மா" என்றேன்.

மூன்றாவது, எண்ணை எழுதுவது அல்ல, படிப்பது. வங்கியிலிருந்து வரும் பழைய ஃபைலில் 12 500,75 என்று இருக்கும். அதைப் படித்துக் கணக்கில் ஏற்ற வேண்டும். எதிர்பார்த்தது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு யூரோ 75 சென்ட். வந்தது 12.

வெறும் பன்னிரண்டு. ஃபைலில் இருப்பது பழைய 160 இடைவெளி. புதிய ஜாவாவுக்கு 8239 மட்டும்தான் ஆயிரத்துக்கான இடைவெளி. 160-ஐப் பார்த்ததும் எண் இதோடு முடிந்தது என்று நின்றுவிடுகிறது. தப்பு என்று கத்துவதும் இல்லை. பன்னிரண்டை எடுத்துக்கொண்டு அமைதியாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

வெள்ளிக்கிழமை அனுப்பியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அங்கே அப்போது இருந்தது ஜாவா 8. எல்லாம் சரியாக ஓடியிருக்கும். அடுத்த மாதம் அவர்கள் கம்ப்யூட்டரை மாற்றிய அன்று, யாரோ ஒரு வியாபாரிக்கு வந்த பன்னிரண்டாயிரம் யூரோ பன்னிரண்டு யூரோவாகக் கணக்கில் ஏறியிருக்கும். கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் நினைத்திருப்பார்.

இரவு பதினொரு மணிக்கு மற்ற மூவரையும் போனில் பிடித்தாள். வெள்ளிக்கிழமை அனுப்பவில்லை. காரணத்தைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் தாமதத்துக்கு முகம் சுளிப்பார்கள் என்று பயந்தோம். நன்றி சொல்லித்தான் பதில் வந்தது. எந்த இடைவெளி வந்தாலும் முதலில் ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டு படிக்கும்படியும், எண்ணைக் கடைசி இலக்கம் வரை படித்து முடிக்காவிட்டால் ஏற்காமல் நிறுத்தும்படியும் ப்ரோக்ராமைத் திருத்தினார்கள். சர்வரில் இப்போது ஒவ்வொரு சோதனையும் ஜாவா 8, ஜாவா 17 இரண்டிலும் நடக்கிறது. பதிவின் முதல் வரியிலேயே எந்த ஜாவா என்று எழுதி வருகிறது.

இதில் எனக்குப் புரிந்தவை சில. சிவப்பு வந்தால் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது, தப்பான கூட்டலை அதே தாளில் மறுபடி கூட்டுவது போல. கடைசியாகச் சரியாக இருந்தது எப்போது, அதற்குப் பிறகு மாறியது என்ன என்று கேட்பதுதான் வழி. பதிவின் கடைசி வரியைப் பார்க்காமல் முதல் தவறு எங்கே என்று மேலே போய்ப் பார்க்க வேண்டும். என் லேப்டாப்பில் ஓடுகிறது என்பது பதில் ஆகாது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு அது ஆரம்பம். எந்தச் சர்வரைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு மாதம் வாக்குவாதம் செய்தார்கள். மூன்றில் எதை வைத்திருந்தாலும் திங்கட்கிழமை சிவப்புதான் வந்திருக்கும். அதன் முன்னால் வேலையை நிறுத்துவதா, சஸ்பென்ஸில் போடுவதா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரின் மேல் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. "90 ரூபாய்" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் என்ன அது என்று கேட்டால், "தாத்தாவைக் கேளுங்க" என்கிறாள். நானும் சொல்கிறேன்.